ஏணித் துணி

மேலே வைக்க வேண்டாம் தம்பி, பை மடியிலேயே இருக்கட்டும். கனம் ஒன்றும் இல்லை, துணிதான். மேலே வைத்தால் பக்கத்தில் எவனாவது கருவாட்டுப் பையைக் கொண்டுவந்து சாத்துவான். வாசனை ஏறினால் எனக்குத் தெரியவும் தெரியாது. அதனால் மடியிலேயே இருக்கட்டும்.

கோயம்புத்தூர் வரைக்கும்தானே நீங்களும்? நல்லதாகப் போயிற்று. அந்தப் பேப்பரில் பாதி கொடுங்கள். படித்த பாதி போதும். இந்த ஜன்னல் ஷட்டர் மதுரையிலிருந்து கத்திக்கொண்டே வருகிறது. ஒன்றுமில்லை, ரப்பர் பீடிங் தேய்ந்துவிட்டது. இப்படி நாலாக மடித்து இடுக்கில் சொருகினால், பாருங்கள், நின்றுவிட்டது. நான் பஸ் டிப்போவில் பாடி பிரிவில் இருக்கிறேன். சீட்டு, கூரை, ஜன்னல் எல்லாம் எங்கள் கை. எது ஆடினாலும் என்னால் சும்மா இருக்க முடியாது. என் மனைவி சொல்வாள், இந்த மனுசன் சொர்க்கத்துக்குப் போனாலும் கதவுக்கு எண்ணெய் விட்டுட்டுத்தான் உள்ளே போவார் என்று.

என் மகளுக்கு நேற்றுக் காலையில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. நன்றி தம்பி. தாயும் பிள்ளையும் சுகம் என்று மருமகன் போன் பண்ணினார். அதைத்தான் பார்க்கப் போகிறேன். சந்தோஷம்தான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் பொதுவான ஆள், உங்களிடம் கேட்டால் தப்பில்லை. தலைப்பிரசவம் எங்கே நடக்க வேண்டும்? பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டில்தானே? ஊர் உலகத்தில் அதுதானே வழக்கம்? என் மகள் லோசனி, முழுப்பெயர் மீனலோசனி, வளைகாப்பு போட்டு என் வீட்டுக்கு வந்தவள், பிள்ளை பெறுவதற்கு முன்பே திரும்பிப் போய்விட்டாள். அவர்கள் வீடு எப்படி என்கிறீர்கள்? மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, ஒரே படுக்கையறை. குளியலறைத் தரை வழுக்கும். குழாய் சொட்டும். நானே போய் இரண்டு தடவை வாஷர் மாற்றியிருக்கிறேன். அந்த வீட்டுக்குத்தான் போனாள். ஏன் போனாள் என்று யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. சொன்னார்கள், ஆனால் அதெல்லாம் ஒரு காரணமா என்று நீங்களே கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் மனைவி இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பஞ்சவர்ணம் என்று பெயர். அந்தக் காய்ச்சல் வந்து ஊரே அடைந்து கிடந்ததே, அப்போது இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் வந்தது. அவள் பெண்கள் வார்டில், நான் ஆண்கள் வார்டில். நான் வீட்டுக்கு வந்தேன், அவள் வரவில்லை. அடக்கத்துக்கு நான் போகவில்லை, எனக்கு அப்போது ஆக்சிஜன் போட்டிருந்தது. மகளும் வரவில்லை, பாதையெல்லாம் அடைத்திருந்தார்கள். யாரும் முகம் பார்க்கவில்லை. அது அப்படி ஆகிவிட்டது. எத்தனையோ குடும்பத்தில் அப்படித்தானே ஆயிற்று. அதற்குப் பிறகு எனக்கு மூக்கில் வாசனை தெரிவதில்லை. டாக்டர் போகப் போகச் சரியாகும் என்றார். மற்றபடி நல்ல சுகம். சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், சர்க்கரை கூட இல்லை.

லோசனி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் சம்பந்தியம்மா போன் பண்ணினார்கள். நீங்க தனி ஆளு, எதுக்குச் சிரமம், பிரசவத்தை நாங்களே பார்த்துக்கிறோம் என்றார்கள். நல்ல மனுஷிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. தாயில்லாத பிள்ளை, அதனால் கொண்டுபோக நாதியில்லை என்று ஒரு சொல் என் மகளுக்கு வரக் கூடாது. அம்மா இல்லையென்றால் அம்மா வீடும் இல்லை என்று ஆகிவிடுமா? ஆள்தான் இல்லை, வீடு இருக்கிறது. வீட்டைத் தயார் பண்ணிவிட்டால் போயிற்று. இப்படித்தான் நினைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட ஓய்வு கிடையாது. சனிக்கிழமை பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்துவிடுவேன். முதலில் குளியலறை. பழைய தரையை உடைத்துவிட்டு வழுக்காத டைல்ஸ். உட்காருகிற மாதிரி கக்கூஸ். பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடி, பஸ்ஸில் நிற்கிறவர்கள் பிடிக்கிறார்களே, அதே பைப், நானே வளைத்துப் போட்டது. அப்புறம் ஜன்னலுக்கெல்லாம் கொசு வலை. அப்புறம் அடுக்களையில் உயரமான அலமாரியை இறக்கி வைத்தேன், மாசமாக இருக்கிறவள் கையைத் தூக்கி எடுக்கக் கூடாது என்று. இதெல்லாம் யோசித்துச் செய்தது. ஒரு பெண்பிள்ளை இருந்து யோசித்தாலும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டாள்.

இதில் லோசனி வருவதற்கு முன் முடிந்தது பாதி, வந்த பிறகு நடந்தது பாதி. வேலை என்றால் அப்படித்தான், ஒன்றைத் தொட்டால் ஒன்று வரும்.

என் மனைவியின் அக்கா பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள். சொர்ணவல்லி. லோசனிக்குப் பெரியம்மா. பகலில் அவள்தான் வந்து துணைக்கு இருந்தாள். அவளுக்கும் எனக்கும் தினமும் வழக்குத்தான். வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல செவுத்தை இடிக்காதீக, ஆணி அடிக்காதீக, ஆகாதுன்னு சொல்லுவாக என்பாள். நான் டிரில்தான் போடுகிறேன், ஆணி அடிக்கவில்லை என்பேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு நாள் முற்றத்தில் மணலும் சிமென்ட்டும் கிடப்பதைப் பார்த்துவிட்டு, “வரப்போறது பிள்ளையா, இல்ல கலெக்டரா கொழுந்தனாரே?” என்று கேட்டாள். லோசனி அன்றைக்குச் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அப்புறம் அதிகம் சிரிக்கவில்லை.

இவள் நாலு சுவருக்குள்ளேயே கிடக்கிறாள், எங்கேயாவது காற்றாடக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றும் சொர்ணவல்லிதான் சொன்னாள். நியாயம்தானே. டாக்டரும் நடக்கச் சொல்லியிருந்தார். அதனால் ஞாயிறு காலையில் எங்காவது கிளம்புவோம். நண்பர் ஒருவரின் காரை வாங்கிக்கொண்டு நானே ஓட்டுவேன், பள்ளம் மேடு பார்த்து, முட்டை கொண்டுபோகிற மாதிரி. எங்கெங்கே போனோம்? ஒரு தடவை சுவர் விளக்குப் பார்க்க. பெரிய கடை, ஏசி போட்டிருந்தது, லோசனி நன்றாக நடந்தாள். ஒரு தடவை பிளைவுட் கடை. அங்கே அவளுக்குக் குமட்டிவிட்டது, மரத்தூள் வாசனை என்றாள். ஒரு தடவை அழகர் கோயிலுக்குப் போகலாம் என்று புறப்பட்டு, வழியில் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவன் போன் பண்ணினான், அளவு எடுக்க வந்திருக்கிறேன் என்று. திரும்பிவிட்டோம். அழகர் மலை எங்கே ஓடிப்போகிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வைகை அணைக்குப் போனோம். முழுசாகப் போய்ச் சேர்ந்தது அங்கேதான். அதுவும் கொஞ்சம் தாமதம், ஏனென்றால் வழியில் ஒரு டைல்ஸ் குடோன் இருந்தது, அவன் மதியத்துக்கு மேல் சாத்திவிடுவான். லோசனி அங்கே ஒரு டைல்ஸ் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள், நான் சீக்கிரம் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் அணை. பூங்காவில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து பொரிகடலை சாப்பிட்டோம். தண்ணீர் நிறையக் கிடந்தது. நான் அங்கே படிக்கட்டில் ஒரு கைப்பிடி பார்த்தேன், வயசானவர்களுக்கென்று நல்ல சரிவில் போட்டிருந்தான், அதை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன். நம் வீட்டு வாசல் படிக்கு ஆகுமே என்று.

அப்போது லோசனி கேட்டாள், “அப்பா, அம்மா கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் வயிற்றின் மேல் இருந்தன.

ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னேன். மேகம் கூடுகிறது, கிளம்பலாம் என்றேன். அறைக்கு இளம்பச்சை அடிக்கவா, க்ரீம் அடிக்கவா என்றும் கேட்டேன். உங்க இஷ்டம்ப்பா என்றாள்.

ஒன்றும் சொல்லவில்லை என்பது முழு உண்மை இல்லை தம்பி. உங்களிடம் சொல்வதற்கென்ன. வார்டிலிருந்து போன் பண்ணினாள். மூச்சு வாங்கியது. “மாடியில சேலை காயுதுங்க. எடுத்து வைங்க” என்றாள். அவ்வளவுதான். நானும் அதே ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறேன், அவளுக்குத் தெரியும், ஆனால் ஞாபகம் இல்லைபோல. சரி, எடுத்து வைக்கிறேன் என்றேன். இதைப் போய் அணையில் வைத்து ஒரு கர்ப்பிணியிடம் என்னவென்று சொல்வது? அவள் ஏதாவது பெரிதாக எதிர்பார்த்திருப்பாள். உன்னைப் பற்றிக் கேட்டாள், உன் பெயரைச் சொன்னாள் என்று. அப்படி ஒன்றும் இல்லை. சேலை காயுது, அவ்வளவுதான்.

நான் வீட்டுக்கு வந்தபோது அது கொடியிலேயே கிடந்தது. அத்தனை நாள் வெயில், நடுவில் மழை. அரக்குக் கலர் சேலை, ஒரு பக்கம் வெளுத்து மண் நிறமாகிவிட்டது. எடுத்து மடித்து அவள் பீரோவில் வைத்தேன். அறையைச் சாத்தினேன். அப்புறம் அந்த அறையில் எனக்கு வேலை எதுவும் இருக்கவில்லை. நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன், காற்று நன்றாக வரும்.

அந்த அறையைத்தான் பிள்ளைக்கென்று எடுத்தேன். வேறு எந்த அறையை எடுப்பது? வீட்டில் இருப்பதே அந்த ஒன்றுதான். லோசனி வந்த அன்றைக்கே அதில்தான் படுத்துக்கொள்வேன் என்றாள். தூசியாக இருக்கிறது, ஒழுங்கு பண்ணித் தருகிறேன், அதுவரை ஹாலில் படு என்றேன். ஆனாலும் மத்தியானத்தில் போய் அங்கேதான் இருப்பாள். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். என்ன தேடுகிறாய் என்றால் ஒன்றும் இல்லை என்பாள். என் மனைவிக்கு ஒரு பழக்கம், சேலை மடிப்புக்குள் மகிழம்பூ போட்டு வைப்பாள். காய்ந்து சருகானாலும் அதன் வாசம் போகாது என்பாள். எனக்குத்தான் தெரியாதே. நான் அந்தச் சருகையெல்லாம் தட்டிவிட்டுக் கூட்டித் தள்ளினேன். பூச்சி வரும் பாருங்கள்.

அந்த அறையில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். கூரையில் ஒரு இரும்புக் கொக்கி இருந்தது. வீடு கட்டும்போதே கான்கிரீட்டில் விட்டது. லோசனி பிறந்தபோது தொட்டில் கட்டினது. துருப்பிடித்துக் காரை உதிர்ந்துகொண்டிருந்தது. கிரைண்டர் வைத்து அறுத்துவிட்டு அழகாக ஃபால்ஸ் சீலிங் போட்டேன். நடுவில் நட்சத்திரம் மாதிரி விளக்கு. தொட்டிலுக்கு ஸ்டீல் ஸ்டாண்டோடு புதுசு வாங்கினேன், கீழே சக்கரம் கூட உண்டு. பிரசவத்துக்கு முன்னால் தொட்டில் வாங்கக் கூடாதாம், சொர்ணவல்லி அதற்கு ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. சரி, பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே வைத்தேன். பிள்ளைக்கு டவல், சட்டை, தொப்பி, விரிப்பு எல்லாம் புதுசு. கரடி படம் போட்டது. என் பேத்தி பழசு எதையும் தொடக் கூடாது என்று நினைத்தேன். அப்போது பேத்தி என்று தெரியாது, ஆனாலும்.

லோசனி கொக்கி எங்கே என்று கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் அந்த நட்சத்திர விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லா இருக்குப்பா என்றாள். நல்லா இருக்கு என்றுதான் சொன்னாள் தம்பி, நான் மாற்றிச் சொல்லவில்லை.

அப்புறம் பெயிண்ட். இந்தப் பெயிண்ட்தான் பிரச்சினை என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்தோணி என்று ஒரு பெயிண்டர், எங்கள் டிப்போவில் பஸ்ஸுக்கு எழுத்து எழுதியவன், நல்ல கை. அவனைத்தான் பிடித்தேன். லோசனி முதல் நாளிலிருந்தே நாற்றம், தலைவலி, வாந்தி வருகிறது என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் சுவரில் மூக்கை வைத்தே பார்த்தேன். அந்தோணியைக் கேட்டேன், இது வாசனையே இல்லாத பெயிண்ட் சார், டப்பாவிலேயே போட்டிருக்கான் என்றான். டப்பாவைக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு டப்பாவைத் தள்ளி வைத்தாள். மாசமாக இருக்கிறவர்களுக்கு எல்லாம் நாறத்தான் செய்யும். பஞ்சவர்ணத்துக்கு அப்போது சாதம் கொதிப்பதே ஆகாது.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்குச் சனிக்கிழமை. சொர்ணவல்லி லோசனியை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அந்தோணி இரண்டாவது கோட் அடித்துக்கொண்டிருந்தான். தரையில் சொட்டுகிறது, விரிக்கப் பழைய துணி ஏதாவது கொடுங்க சார் என்றான். பீரோவையும் காலி பண்ண வேண்டியிருந்தது, அதற்கும் பெயிண்ட் அடிக்கிறோமே. பட்டுச் சேலை எல்லாம் ஏற்கனவே சொர்ணவல்லி வீட்டில் பத்திரமாக இருக்கிறது. மிச்சம் இருந்தது வீட்டில் கட்டுகிற நூல் சேலைகள்தான். துவைத்துத் துவைத்துக் கண்ணாடி மாதிரி ஆனவை. யாருக்கும் கொடுக்கவும் முடியாது. கட்டாகத் தூக்கி அவனிடம் கொடுத்தேன். முதலில் கைக்கு வந்தது அந்த வெளுத்துப்போன அரக்குச் சேலை. அதை அவன் ஏணித் தலையில் சுற்றினான், ஏணி சுவரில் கீறாமல் இருக்க. மற்றதைத் தரையில் விரித்தான். ஒன்றிரண்டைக் கிழித்துக் கை துடைக்க வைத்துக்கொண்டான்.

அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். லோசனி நேராக அறை வாசலுக்கு வந்தாள். ஸ்கேனில் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்ல வந்திருப்பாள், முகம் அப்படித்தான் இருந்தது. தரையைப் பார்த்தாள். அவளால் குனிய முடியாது, கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி ஒரு முனையை எடுத்தாள். அந்தோணிக்கு ஒன்றும் தெரியாது பாவம். ஏணி மேலிருந்தபடியே, “பாத்தும்மா, ஈரம். சார் குடுத்த துணிதான். நல்ல காட்டன், பெயிண்டை அப்படியே குடிக்குது” என்றான்.

லோசனி என்னைப் பார்த்தாள்.

“எல்லாமாப்பா?”

பட்டெல்லாம் பெரியம்மா வீட்டில் இருக்கிறதும்மா, இது பழசுதானே என்றேன்.

“பழசுதான்ப்பா வேணும்” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. சத்தம் போடவில்லை. கையில் பச்சையாக ஒட்டிக்கொண்டதை அவள் துடைக்கவும் இல்லை. சொர்ணவல்லிதான் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்ப் பேசினாள். “பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடுவாகளா? இத்தனை வயசுக்கு இது தெரியாதா உங்களுக்கு? அதை ஏந்துறதே பழந்துணியிலதான். அவ ஆத்தா சேலையில ஏந்தணும், ஆத்தா சேலையில தூளி கட்டணும்னு வந்த நாள்லருந்து மடிச்சு மடிச்சு வச்சுக்கிட்டு இருந்தா. மூஞ்சியத்தான் பார்க்கலை, சேலையாவது இருக்கேன்னு வந்தவ” என்றாள்.

எனக்குத் தெரியாது தம்பி. ஆம்பிளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? லோசனி பிறந்தபோது நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன், பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். எதில் சுற்றியிருந்தது என்று யார் பார்த்தார்கள்? வேண்டும் என்றால் வாய் திறந்து சொல்லியிருக்கலாமே. அப்பா, இந்தச் சேலையை எடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை. நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன், என்ன கலர், என்ன டைல்ஸ், எவ்வளவு உயரம் என்று. கேட்டதற்கெல்லாம் உங்க இஷ்டம்ப்பா என்றால் நான் என்னத்தைக் கண்டேன்?

அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போய் நல்ல மெத்துமெத்தென்ற துணி பார்த்து வாங்கிவந்தேன். பிள்ளைகளுக்கென்றே வருகிறது. அவள் வாங்கி மேசை மேல் வைத்தாள். அடுத்த நாள் ஞாயிறு, எங்கேயாவது போய்வரலாமா என்று கேட்டேன். உண்மையாகவே அழகர் கோயிலுக்கு, வழியில் எங்கும் நிற்காமல். வேண்டாம்ப்பா என்றாள். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். சாப்பிடுவாள், மாத்திரை போடுவாள், ஹால் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். சண்டை போட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அந்த அறைப் பக்கம் அவள் போகவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை மருமகன் காரோடு வந்து நின்றார். கோகுல்நாத், நல்ல பையன், அதிர்ந்து பேச மாட்டார். பெயிண்ட் வாசனை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை மாமா, டாக்டர் கூட இடம் மாற்றச் சொன்னார், தப்பாக நினைக்காதீர்கள் என்றார். அறை முடிந்துவிட்டது, இனிமேல் ஒரு வேலையும் இல்லை, இப்போதுதான் இருக்க வேண்டிய நேரம் என்றேன். அவர் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய் வண்டியில் வைத்தார். நான் லோசனியிடம் கேட்டேன், எங்கேம்மா வாசனை, எனக்குத் தெரியவே இல்லையே என்று.

“உங்களுக்குத் தெரியாதுப்பா” என்றாள். கோபமாக இல்லை. என் கையைக் கொஞ்சம் பிடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

வண்டி போனதும் நான் உள்ளே வந்து திரைச்சீலைக் கம்பியைப் பொருத்தினேன். அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

அறை நன்றாக அமைந்துவிட்டது தம்பி. நீங்கள் மதுரைப் பக்கம் வந்தால் வந்து பாருங்கள். எங்கேயும் ஒரு கீறல் கிடையாது.

நேற்று மருமகன் போன் பண்ணிய கொஞ்ச நேரத்தில் லோசனியே பேசினாள். குரல் சோர்ந்து இருந்தது. பிள்ளை தன்னை மாதிரியே அழுகிறதாம், யாரோ சொன்னார்களாம். வைத்துவிடுவாளோ என்று நினைத்தேன். அப்புறம் சொன்னாள், “அத்தை பழைய வேட்டி கொண்டுவந்திருக்காங்க, பிள்ளை அதுலதான் கிடக்கு. அம்மாவோடது ஏதாவது மிஞ்சியிருக்காப்பா?”

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

பீரோவில் ஒன்றும் இல்லை, பளபளவென்று இருந்தது. அந்தோணிக்குப் போன் பண்ணினேன். கை துடைச்சது, தரையில போட்டது எல்லாம் கல்லாட்டம் ஆயிருச்சு சார், கொளுத்திட்டேன் என்றான். சொர்ணவல்லி வீட்டில் பட்டுதான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பின்பக்கம் ஏணி சாத்தியிருந்தது. ஏணி என்னுடையது, அதனால் அவன் விட்டுப் போயிருந்தான். தலையில் துணி அப்படியே இருந்தது.

அவிழ்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. மேல் சுற்று மட்டை மாதிரி விறைத்துக் கிடந்தது, பச்சை பச்சையாக. கத்தி வைத்துக் கீறி எடுத்தேன். அதற்கு அடுத்த சுற்றில் அங்கங்கே பச்சை. உள்ளே போகப் போகப் பெயிண்ட் இல்லை. கம்போடு ஒட்டி இருந்த சுற்று நல்ல அரக்காகவே இருந்தது. வெயில் படாத பக்கம் உள்ளே வந்திருக்கிறது போல. ஓரத்துக் கரையைப் பார்த்துத்தான் எனக்கு ஞாபகம் வந்தது, எந்தச் சேலை என்று. கெட்டதை வெட்டிப் போட்டேன். மிச்சம், ஒரு பிள்ளையைச் சுற்றுகிற அளவுக்கு இருக்கிறது. தூளிக்குக் காணாது.

சுடுதண்ணீரில் அலசினேன். சோப்பு போட்டால் பிள்ளைக்கு ஆகுமோ ஆகாதோ என்று வெறும் தண்ணீரிலேயே மறுபடி அலசினேன். மாடிக் கொடியில்தான் போட்டேன். காய்கிற வரைக்கும் நான் கீழே இறங்கவில்லை. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, குழாய் எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் இறங்கவில்லை. சும்மா அது காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காய்ந்ததும் எடுத்து வைத்தேன்.

அணையில் கேட்டாளே, அதை மறுபடி கேட்டால் இந்தத் தடவை சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். கேட்காவிட்டால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இது அந்தச் சேலைதாம்மா என்று கொடுக்க வேண்டியதுதான்.

தாராபுரம் தாண்டிவிட்டோமா? அப்படியென்றால் இன்னும் கொஞ்ச தூரம்தான்.

தம்பி, ஒரு உதவி. உங்களைத்தான் கேட்க முடியும். இந்தாருங்கள், பிடியுங்கள். கூச்சப்பட வேண்டாம், துவைத்த துணி. கொஞ்சம் மோந்து பார்த்துச் சொல்லுங்கள். பெயிண்ட் வாசனை வந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், வாசலிலேயே தெரிந்துவிடும், அப்புறம் பிள்ளையைத் தரமாட்டாள். இல்லை, தருவாள், துணியை வாங்க மாட்டாள். நன்றாக முகத்தோடு வைத்துப் பாருங்கள். அந்தக் கரைப் பக்கம்.

வரவில்லையா? நிச்சயமாக வரவில்லையா?

சரி. அது வராதது நல்லதுதான்.

வேறே ஏதாவது வருகிறதா, தம்பி?